காமிக்ஸ்ல இன ஸ்டீரியோடைப்பை எப்படிப் படிக்கிறது, எப்படி ஆய்வா எழுதுறது: ஆரம்பத்துல இருந்து

ஆறாவது படிக்கும்போது கிளாஸ்ல எனக்கு வச்ச பேரு லொதார். மந்திரவாதி மாண்ட்ரேக் கதை படிச்சவங்களுக்கு லொதார் யாருன்னு சொல்லவே வேணாம், மாண்ட்ரேக் கூடவே வர்ற ஆப்பிரிக்க பலசாலி. நான் நல்ல கறுப்பு, கொஞ்சம் தடியாவும் இருப்பேன், காரணம் அவ்வளவுதான். எனக்கு அப்போ பெருசா கோபம் வரலை, லொதார் ஒரே அடியில நாலு பேரை சாய்ப்பாரு, அதுல ஒரு பெருமை கூட இருந்துச்சு. ஆனா ஒரு நாள் பக்கத்து பெஞ்ச் பையன் ரஃப் நோட்டுல தன்னை மாண்ட்ரேக்கா கோட்டும் தொப்பியுமா வரைஞ்சுட்டு, பின்னாடி அவன் பெட்டியை தூக்கிட்டு நான் வர்ற மாதிரி வரைஞ்சு காட்டினான். அந்தப் பெட்டி இன்னிக்கும் எனக்கு ஞாபகம் இருக்கு.

காமிக்ஸை நான் விடலை. காலேஜ்ல இதையே ப்ராஜெக்டா எடுக்கணும்னு போய் நின்னப்போ "இதெல்லாம் ஒரு சப்ஜெக்டா"ன்னு கேட்டாங்க, அப்புறம் ஒருவழியா செஞ்சேன், வழியில நிறைய தப்பு பண்ணேன். எம்.ஏ. ப்ராஜெக்ட், செமினார் பேப்பர், இல்ல சும்மா ஒரு நல்ல கட்டுரைன்னு எதுவா இருந்தாலும், காமிக்ஸ்ல கறுப்பர்களையும் சீனர்களையும் செவ்விந்தியர்களையும் எப்படி ஸ்டீரியோடைப்பா, அதாவது ஒரு இனத்தையே ஒரே வார்ப்புல, வரைஞ்சிருக்காங்கன்னு எழுத நினைக்கிறவங்களுக்காக இதை முழுசா எழுதுறேன். மொதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன், "இந்தப் புக் இனவெறியா, இல்லையா"ங்கிற தீர்ப்போட ஆரம்பிக்காதீங்க, அங்க ஆரம்பிச்சா ரெண்டு பக்கத்துல கட்டுரை செத்துடும். படக் கட்டத்துல கோடு எப்படி ஓடுதுன்னு பார்த்து ஆரம்பிங்க, தீர்ப்பு தானா வரும், வரும்போது யாராலயும் அசைக்க முடியாது.

1. சின்னதா ஒண்ணைப் பிடிங்க

"காமிக்ஸில் இனவாதம்"னு தலைப்பு வச்சா ஆயுசு பத்தாது. ஒரு கேரக்டர், இல்ல ஒரே ஒரு ஆல்பம், அதாவது ஒரு முழுக்கதை புக், போதும். நான் சிபாரிசு பண்றது ரொம்ப வருஷம் ஓடின ஒரு கேரக்டர், அப்போதான் மாற்றம் தெரியும். மாண்ட்ரேக் 1934ல பேப்பர்ல ஆரம்பிச்சது, லீ ஃபாக் கதை, ஃபில் டேவிஸ் படம். ஆரம்பத்துல லொதார் சிறுத்தைத் தோல், தலையில சிவப்பு ஃபெஸ் குல்லா, பேசுறது உடைஞ்ச இங்கிலீஷ், இத்தனைக்கும் கதைப்படி அவர் ஏழு நாடுகளோட இளவரசர், பட்டத்தை விட்டுட்டு மாண்ட்ரேக் கூட வந்தவர். ஃபில் டேவிஸ் இறந்தப்புறம் 1965ல ஃப்ரெட் ஃப்ரெட்ரிக்ஸ் வரைய வந்தாரு, அதுக்கப்புறம் லொதார் ஒழுங்கா பேச ஆரம்பிக்கிறாரு, டிரஸ்ஸும் மாறுது. அமெரிக்காவுல இனப் பாகுபாட்டைத் தடை பண்ணின சிவில் ரைட்ஸ் சட்டம் வந்தது 1964. இந்த ரெண்டு தேதியையும் பக்கத்துல பக்கத்துல வச்சாலே ஒரு கேள்வி கிடைச்சிடும்: மாறினது எது, மாறாதது எது? ஏன்னா டிரஸ் மாறினாலும் மேஜிக் மாண்ட்ரேக்குக்கு, அடிதடி லொதாருக்குங்கிற பங்கு ரொம்ப நாள் அப்படியே இருந்துச்சு.

2. எந்தப் பதிப்புன்னு பாருங்க, இதுதான் எல்லாத்துக்கும் மேல

பாதிப்பேர் சறுக்குற இடம் இது. காமிக்ஸ்ல ஒரே புக்குக்கு மூணு நாலு உருவம் இருக்கும், கையில இருக்கிறது எதுன்னு தெரியாம எழுதிட்டா மொத்தமும் சரிஞ்சிடும்.

இதுக்கு டின்டின் காங்கோ கதையை விட நல்ல உதாரணம் கிடையாது. பெல்ஜியத்து ஓவியர் ஹெர்ஜே, காங்கோ பெல்ஜியத்தோட காலனியா இருந்த காலத்துல, இதை 1930ல இருந்து 1931 வரைக்கும் பிரஸ்ஸல்ஸ்ல ஒரு கத்தோலிக்க பேப்பரோட சிறுவர் இணைப்புல வாரா வாரம் வரைஞ்சாரு, அது கறுப்பு வெள்ளை. 1946ல அதையே 62 பக்கத்துக்கு சுருக்கி, திரும்ப வரைஞ்சு, கலர்ல போட்டாங்க. பழைய பதிப்புல டின்டின் ஒரு மிஷன் ஸ்கூல்ல பாடம் எடுக்க நிப்பான், காங்கோ பிள்ளைங்களைப் பார்த்து, இன்னிக்கு உங்க நாட்டைப் பத்தி சொல்லப்போறேன், உங்க நாடு பெல்ஜியம்னு ஆரம்பிப்பான். 1946ல அதே போர்டு, அதே பெஞ்ச், அதே பிள்ளைங்க, பாடம் மட்டும் ரெண்டும் ரெண்டும் எத்தனைன்னு கணக்கா மாறிடுச்சு. இதை முதல் தடவை ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பார்த்தப்போ எனக்கு உடம்பு சில்லிட்டுப் போச்சு. காலனி அரசியல் பேச்சை வெட்டிட்டாங்க, ஆனா முகங்கள் அப்படியே இருக்கு, அதே உருண்டைக் கண்ணு, அதே தடிச்ச உதடு. அப்போ 1946ல இவங்களுக்கு உறுத்தினது பெல்ஜியம்ங்கிற வார்த்தைதான், அந்த உதடு உறுத்தலை. ஒரு பேப்பருக்கு இது ஒண்ணே போதும்.

இன்னொண்ணும் கேளுங்க. அந்தக் கதையில டின்டின் ஒரு காண்டாமிருகத்தோட முதுகுல ஓட்டை போட்டு டைனமைட் வச்சு வெடிப்பான். ஸ்காண்டிநேவிய பதிப்பாளர்கள் இது வேணாம்னு சொன்னதால 1975ல ஹெர்ஜே அந்தப் பக்கத்தையே மாத்தி வரைஞ்சு கொடுத்தாரு. காண்டாமிருகத்துக்கு நியாயம் கிடைச்சது, காங்கோ மனுஷங்களோட முகத்தை அப்பவும் யாரும் திருத்தலை.

நம்ம பக்கத்துலயும் இந்த மாதிரி உண்டு. முகமூடி வீரர் மாயாவியா நமக்குத் தெரிஞ்ச ஃபாண்டம் வாழுற நாடு மூலத்துல பெங்கல்லா. இந்தியாவுல அதை வெளியிட்ட இந்திரஜால் காமிக்ஸ்ல அது வங்காளம் மாதிரி காதுல விழுதுன்னு டெங்காலி ஆச்சு. நம்மாளுங்க மனசு புண்படக்கூடாதுன்னு பேரை மாத்தின எடிட்டருங்க, ஃபாண்டம் கூட காட்டுல வாழுற பண்டார் குள்ளர்களை வரைஞ்ச விதத்தை அப்படியே விட்டுட்டாங்க. "பண்டார்"னா இந்தியில குரங்குன்னு அவங்களுக்குத் தெரியாமலா இருக்கும்.

எந்தக் கதை எந்த வருஷம் எங்க வந்ததுன்னு தேட கிராண்ட் காமிக்ஸ் டேட்டாபேஸ் இருக்கு, காபிரைட் முடிஞ்ச பழைய அமெரிக்க காமிக்ஸை முழுசாவே படிக்க டிஜிட்டல் காமிக் மியூசியம் இருக்கு, ரெண்டும் இலவசம்.

3. ஒரு கட்டத்தை எடுத்து அரை மணி நேரம் உட்காருங்க

கதையை மறந்துடுங்க, படத்தை மட்டும் பாருங்க. ஒரு நோட்டுல அட்டவணை போட்டுக்கோங்க: யாரு நிக்கிறாங்க, யாரு குனியுறாங்க, கண்ணு எப்படி, உதடு எப்படி, தோலை எதால நிரப்பியிருக்காங்க, பேச்சு பலூன் யாருக்கு இருக்கு, பேரு யாருக்கு இருக்கு. பத்துப் பக்கம் இப்படி எழுதினாலே போதும், "எனக்கு அப்படித் தோணுது"ங்கிற நிலைமையில இருந்து வெளிய வந்துடுவீங்க.

உதட்டைப் பத்தி கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா நிறைய பேர் "ஆப்பிரிக்கர்களுக்கு உதடு பெருசுதானே, அதைக் கொஞ்சம் மிகைப்படுத்தி வரைஞ்சிருக்காங்க"ன்னு நினைச்சுட்டு இருக்காங்க. அந்த முகம் ஆப்பிரிக்கர்களைப் பார்த்து வந்ததே இல்ல. 1830கள்ல இருந்து அமெரிக்காவுல டி.டி. ரைஸ் மாதிரி வெள்ளைக்கார நடிகர்கள் கருக்கின கார்க்கை முகத்துல அப்பிக்கிட்டு, வாயைச் சுத்தி அகலமா விட்டுட்டு, கறுப்பர் மாதிரி ஆடிப் பாடி கிண்டல் பண்ற மின்ஸ்ட்ரல் ஷோ நடத்தினாங்க. கரி பூசின முகம், பளிச்சுன்னு வெளிய தெரியுற வாய், முழிக்கிற கண்ணு. காமிக்ஸ்ல பாக்குறது அந்த மேக்கப்போட கோட்டோவியம். அதாவது வெள்ளைக்காரன் போட்ட வேஷத்தைப் பார்த்து இன்னொரு வெள்ளைக்காரன் வரைஞ்சது. இது புரிஞ்ச அன்னிக்கு எனக்கு லொதார் மேல இருந்த வெட்கம் பாதி போயிடுச்சு.

அந்த முகம் எவ்வளவு தூரம் பயணம் பண்ணியிருக்குன்னு பாருங்க. லிட்டில் பிளாக் சாம்போங்கிற படக்கதை 1899ல லண்டன்ல வந்தது, எழுதி வரைஞ்சது ஹெலன் பேனர்மன், இங்க டாக்டரா வேலை பார்த்தவரோட மனைவி, ஸ்காட்லாந்துக்காரங்க. கோடைக்கானல்ல பிள்ளைங்களை விட்டுட்டு மெட்ராஸ் திரும்புற ரயில் பயணத்துல அதை எழுதினாங்கன்னு சொல்லுவாங்க. கதையில புலி இருக்கு, புலிங்க மரத்தைச் சுத்தி ஓடி ஓடி நெய்யா உருகிடும், அந்த நெய்யில அம்மா பணியாரம் மாதிரி சுட்டுத் தருவாங்க, பையன் 169 சாப்பிடுவான். புலியும் நெய்யும் நம்ம ஊரு, பையனோட முகம் மட்டும் அமெரிக்க மேடையில இருந்து வந்தது. அப்புறம் அமெரிக்காவுல ஆளாளுக்கு அதைத் திரும்ப வரைஞ்சப்போ பையன் முழுக்க தோட்டத்து அடிமைப் பிள்ளையாவே ஆகிட்டான்.

இதுக்குக் கோட்பாட்டுப் பக்கமும் ஒரு வேர் இருக்கு. காமிக்ஸோட தாத்தான்னு சொல்ற சுவிஸ்காரர் ரொடோல்ஃப் டோப்ஃபர் 1845லயே, முகத்துல நாலு கோட்டை மாத்தினா குணத்தையே மாத்திக் காட்டலாம்னு ஒரு சின்ன புக் எழுதினாரு. மூக்கை வச்சு முட்டாள், தாடையை வச்சு முரடன். காமிக்ஸ் வேகமா படிக்க முடியுறதே இந்த சுருக்கெழுத்தாலதான், ஸ்டீரியோடைப்பும் அதே கதவு வழியாத்தான் உள்ள வருது. அதனால "எளிமையா வரைஞ்சிருக்காங்க, அவ்வளவுதான்"னு யாராவது சொன்னா ஒரு கேள்வி கேளுங்க: அதே பக்கத்துல வெள்ளைக்காரங்க ஆளுக்கு ஒரு முகமா இருக்க, கறுப்பருங்க மட்டும் ஏன் அச்சுல வார்த்த மாதிரி ஒரே முகமா இருக்காங்க?

கலரையும் விடாதீங்க. பழைய அமெரிக்க காமிக்ஸ்ல நாலு மை வச்சுத்தான் அச்சு, சீனர்களுக்கு அப்படியே கலக்காத மஞ்சள் மையை ஊத்துவாங்க. 1937ல வந்த டிடெக்டிவ் காமிக்ஸ் முதல் இதழோட அட்டையே பக்கம் முழுக்க ஒரு சீன வில்லன் மூஞ்சிதான், பேட்மேன் எல்லாம் ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் வர்றாரு. நம்ம கறுப்பு வெள்ளைத் தமிழ் பதிப்பு வச்சுப் படிக்கிறவங்க, தோலுக்கு முழுக் கறுப்பு மை அப்பியிருக்கா, இல்ல மெல்லிசா கோடு இழுத்திருக்கான்னு பாருங்க. முழுக் கறுப்பு அப்பிட்டா மூக்கு, புருவம், கன்னம் எதுவும் தெரியாது, கண்ணும் பல்லும் மட்டும்தான் மிஞ்சும். அதாவது அந்த ஆளுக்கு முகபாவமே கிடையாது.

4. யாரு எப்படிப் பேசுறாங்க

படத்துக்கு அடுத்து பலூன். பிரெஞ்சு காமிக்ஸ் ஆஸ்டெரிக்ஸ்ல கடற்கொள்ளையர் கப்பல் உச்சியில நிக்கிற கறுப்பர் பாபாவுக்கு "ர" வராது, ஒவ்வொரு ஆல்பத்துலயும் அதுதான் அவரோட ஜோக். டின்டின்ல காங்கோக்காரங்க பேசுறது குழந்தை பிரெஞ்சு. இப்போ நீங்க தமிழ் மொழிபெயர்ப்பை வச்சுப் பாக்குறீங்கன்னா வேலை இன்னும் சுவாரசியம். மூலத்துல கொச்சையா இருக்கிறது தமிழ்ல செந்தமிழா ஆகியிருக்கலாம், அப்போ வார்த்தை ஒரு மரியாதை கொடுக்குது, படம் இன்னொண்ணு சொல்லுது. இல்லன்னா மூலத்துல சாதாரணமா பேசுற ஆளை இங்க "எஜமான்"னு பேச வச்சு இன்னும் கீழ இறக்கியிருக்கலாம். யாரு யாரை நீங்கன்னு சொல்றாங்க, யாரை நீன்னு சொல்றாங்கன்னு எண்ணுங்க. இங்கிலீஷ்ல எல்லாரும் யூதான், தமிழ்ல மொழிபெயர்க்கிறவர் முடிவெடுத்தே ஆகணும், அந்த முடிவு பக்கத்துக்குப் பக்கம் பதிவாகிக் கிடக்கு. தமிழ்ல எழுதுறவங்களுக்கு மட்டுமே கிடைக்கிற பொக்கிஷம் இது, யாரும் இன்னும் சரியா தோண்டலைங்கிறது என்னோட எண்ணம்.

5. ஜானர் (கதை வகை) கேக்குறது எது, வரைஞ்சவர் சேர்த்தது எது

வெகுஜன இலக்கிய ஆய்வுங்கிறது இங்கதான் கைகொடுக்கும். ஜான் கவெல்ட்டி 1976ல சொன்ன ஃபார்முலாங்கிற யோசனை ரொம்ப உபயோகமானது: சாகசக் கதை, துப்பறியும் கதை, காதல் கதை எல்லாத்துக்கும் ஒரு வார்ப்பு இருக்கு, அந்தந்த சமூகம் தன்னோட ஆசையையும் பயத்தையும் அதுல ஊத்துது. காட்டுல நடக்கிற சாகசக் கதையில விசுவாசமான துணை, பயந்து ஓடுற கூட்டம், ஒரு நல்ல தலைவர், ஒரு கெட்ட மந்திரவாதின்னு காலி நாற்காலிங்க ஏற்கனவே போட்டிருக்கும். மொதல்ல நாற்காலிங்களை எழுதுங்க, அப்புறம் எந்த நாற்காலியில எந்த நிறத்தை உட்கார வச்சிருக்காங்கன்னு எழுதுங்க.

நம்ம லயன் காமிக்ஸ் வாசகர்கள் தலையில தூக்கி வச்சு ஆடுற டெக்ஸ் வில்லரை எடுத்துக்கோங்க, நானும் ரசிகன்தான். 1948ல இத்தாலியில போனெல்லியும் கலேப்பினியும் உருவாக்கினது. டெக்ஸ் நவஹோங்கிற செவ்விந்திய இனத்துப் பெண்ணைக் கட்டினவர், அந்த இனத்துக்கே தலைவர், இரவுக் கழுகு. துப்பாக்கி கடத்துற வெள்ளைக்காரனையும் திமிர் பிடிச்ச ராணுவ அதிகாரியையும் தட்டிக் கேக்குறாரு, 1948க்கு அது பெரிய விஷயம், அதை மனசார பாராட்டணும். ஆனா நவஹோக்களைக் காப்பாத்த ஒரு வெள்ளைக்காரர்தான் தலைவரா வர வேண்டியிருக்கு, ஃபாண்டம் கதையிலயும் அதேதான், நானூறு வருஷமா ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் ஒரு காட்டையே காவல் காக்குது. டெக்ஸைக் கொண்டாடிக்கிட்டே இந்தக் கேள்வியையும் கேக்க முடியும், ரசிகனா இருக்கிறது ஆய்வுக்குத் தடை இல்ல, எந்தக் கதையில எந்தப் பக்கம்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்றது ரசிகன்தான்.

ஜானர் மாறலாம்ங்கிறதுக்கு லக்கி லூக்ங்கிற கௌபாய் காமிக்ஸ் சாட்சி. 1961ல வந்த மிஸிஸிப்பி ஆல்பத்துல கறுப்பருங்க பழைய தடிச்ச உதட்டு வேலைக்காரங்க. 2020ல அதே தொடர்ல பருத்தித் தோட்டத்துக் கதை ஒண்ணு வந்தது, அதுல நிஜத்துல வாழ்ந்த கறுப்பர் சட்டக் காவலர் பாஸ் ரீவ்ஸ், லூக்குக்குச் சமமா குதிரையில வர்றாரு. அதே கோட்டு ஸ்டைல், அதே ஜோக் வேகம். ஆக கார்ட்டூன் ஸ்டைல்னாலே அப்படித்தான் வரையணும்ங்கிற சாக்கு இந்த ரெண்டு ஆல்பத்தையும் பக்கத்துல வச்சா நிக்காது.

6. "அந்தக் காலம் அப்படி"ங்கிறவங்களுக்கு பதில் தயார் பண்ணுங்க

இந்தக் கேள்வி வைவாவுல (வாய்மொழித் தேர்வுல) கட்டாயம் வரும். கோபப்படாதீங்க, அந்தக் காலத்தையே சாட்சிக்குக் கூப்பிடுங்க. ஹெர்ஜே காங்கோவுக்குப் போனதே இல்ல, டெர்வூரன்ல இருக்கிற காலனி மியூசியத்துப் பொருளையும் பேப்பர் கட்டிங்கையும் பார்த்து வரைஞ்சாரு, பேப்பரை நடத்தின பாதிரியாருக்கு காங்கோ மேல பெல்ஜியப் பிள்ளைங்களுக்கு ஆசை வரணும். சரி, இது 1930. 1934ல அடுத்த கதை சீனாவுலன்னு முடிவானப்போ பிரஸ்ஸல்ஸ் ஓவியக் கல்லூரியில படிச்சுட்டு இருந்த ஜாங் சோங்ரென்ங்கிற சீன மாணவரை ஹெர்ஜே சந்திக்கிறாரு. அவர் சொல்லிச் சொல்லி நீலத் தாமரை கதையில கடை போர்டு எழுத்துல இருந்து எல்லாமே நிஜ சீனம். அதுல ஒரு இடத்துல டின்டினும் கதையில வர்ற சீனப் பையன் சாங்கும் ஒருத்தரைப் பத்தி ஒருத்தர் ஊர்ல சொல்ற கட்டுக்கதையை எல்லாம் சொல்லிச் சிரிப்பாங்க, சீனாக்காரன்னா அழுகின முட்டை தின்பான், குழந்தையை ஆத்துல வீசுவான்னு ஐரோப்பாவுல நம்புறாங்கன்னு டின்டின் சொல்லுவான். காங்கோ முடிஞ்சு மூணு வருஷம்தான் ஆகுது! காலம் மாறலை, ஆளும் மாறலை, பக்கத்துல ஒரு சீன நண்பர் உட்கார்ந்தாரு, அவ்வளவுதான்.

ஆனா இதை அப்படியே திருந்தின கதையா முடிச்சுடாதீங்க, அதே புக்குல ஜப்பான்காரங்களைப் பாருங்க, பல்லு துருத்திக்கிட்டு மூக்கு பன்றி மாதிரி. ஒரு ஸ்டீரியோடைப்பை உடைக்கிற கையே அடுத்த பக்கத்துல இன்னொண்ணைச் செய்யுது. இந்த முரணை மறைக்காம எழுதுங்க, கட்டுரையோட உயிரே அங்கதான் இருக்கு.

அமெரிக்கா பக்கம் சாட்சி வேணும்னா ரெண்டு. 1947ல ஓரின் எவான்ஸ்ங்கிற கறுப்பர் பத்திரிகையாளர் ஃபிலடெல்ஃபியாவுல கறுப்பு ஓவியர்களை வச்சே ஒரு காமிக்ஸ் போட்டாரு, அதுல ஹீரோ கறுப்பர் டிடெக்டிவ். ஒரே இதழோட நின்னுபோச்சு. இன்னொண்ணு இ.சி. காமிக்ஸ்ங்கிற பதிப்பகத்துல 1953ல வந்த ஒரு ஏழு பக்கக் கதை. ஆரஞ்சு ரோபோ, நீல ரோபோன்னு பிரிஞ்சு கிடக்கிற ஒரு கிரகத்துக்கு பூமியில இருந்து ஒருத்தர் ஆய்வுக்குப் போறாரு, ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் மேல் தகடோட நிறம் மட்டும்தான், நீலத்துக்கு பஸ்ல பின்சீட்டு. நீங்க இன்னும் தயாராகலைன்னு சொல்லிட்டு ராக்கெட்ல ஏறி ஹெல்மெட்டைக் கழட்டுறாரு, கடைசி கட்டம் அவரோட முகம், கறுப்பர், வேர்வைத் துளிங்க தூரத்து நட்சத்திரம் மாதிரி மின்னுது. 1956ல இதை மறுபடி போடப் போனப்போ காமிக்ஸ் கோடுங்கிற (Code) தணிக்கை விதிகளைப் பாத்துக்கிட்ட அதிகாரி அந்த ஆளு கறுப்பரா இருக்கக் கூடாதுன்னு அடம் பிடிச்சாரு. எந்த இனத்தையும் கேலி பண்ணக் கூடாதுன்னு அந்த விதிகள்லயே எழுதியிருக்கு! பதிப்பாளர் கெயின்ஸும் எழுதின ஃபெல்ட்ஸ்டைனும் ஒரு துளி வேர்வையைக் கூட மாத்த மாட்டோம்னு நின்னு அப்படியே அச்சடிச்சாங்க. இந்த ஒரு கட்டத்தைக் காட்டிப் பேசினா எந்த கிளாஸும் அமைதியாயிடும்.

7. படிச்சவங்க என்ன பண்ணாங்க

வாசகர்கள் எல்லாரும் ஸ்பாஞ்ச் மாதிரி உறிஞ்சினாங்கன்னு எழுதிடாதீங்க. 1968ல லாஸ் ஏஞ்சலஸ்ல ஒரு டீச்சர் பீனட்ஸ் காமிக்ஸ் வரைஞ்ச ஷூல்ஸுக்கு லெட்டர் போட்டாங்க, மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட பதினோரு நாள் கழிச்சு, உங்க பிள்ளைங்க கூட்டத்துல ஒரு கறுப்புப் பிள்ளையைச் சேருங்கன்னு. அந்த ஜூலை கடைசியிலேயே ஃபிராங்க்ளின் வந்துட்டான், கடற்கரையில அந்தத் தொடரோட நாயகன் சார்லி பிரவுனோட பந்தை எடுத்துக் கொடுத்துட்டு கூட சேர்ந்து மணல் கோட்டை கட்டுறான். இன்னொரு பக்கம், பெல்ஜியத்துல வாழுற ஒரு காங்கோக்காரர் டின்டின் புக்குக்கு எதிரா 2007ல வழக்கு போட்டாரு, 2012ல பிரஸ்ஸல்ஸ் கோர்ட் தள்ளுபடி பண்ணிடுச்சு. தீர்ப்பு எப்படி இருந்தாலும், அந்தப் படம் தன்னோட மக்களைக் கேவலப்படுத்துதுன்னு ஒருத்தர் கோர்ட் வரைக்கும் வந்தாருங்கிறதே உங்க கட்டுரைக்கு முக்கியம். தடை பண்ணணுமா வேணாமாங்கிற சண்டையில நீங்க இறங்க வேணாம்னுதான் சொல்லுவேன், நான் தடைக்கு எதிர்ப்பு, முன்னுரையோட பழைய பதிப்பே கிடைக்கணும்ங்கிற கட்சி, இல்லன்னா அந்த பெல்ஜியம் பாடத்தை நாம பார்த்திருக்கவே மாட்டோம்.

8. எழுதுறப்போ

கைடு "காமிக்ஸ் எல்லாம் ஆய்வா"ன்னு கேட்டா ஆள் பலம் காட்டுங்க. அமெரிக்காவுல ஜர்னல் ஆஃப் பாப்புலர் கல்ச்சர் 1967ல இருந்து வருது, காமிக்ஸுக்குன்னே தனி ஜர்னல் 1999ல இருந்து இருக்கு. இ.சி. காமிக்ஸையும் இனத்தையும் வச்சு கியானா விட்டெட், கறுப்பு ஓவியர்களே கேலிச்சித்திரத்தை எப்படித் திருப்பிப் போட்டாங்கன்னு ரெபெக்கா வான்ஸோ, நம்ம நாட்டு அமர் சித்ர கதையில தேவர்கள் ஏன் வெளுப்பு, அரக்கர்கள் ஏன் கறுப்புங்கிற மாதிரி விஷயத்துக்கு நந்தினி சந்திராவும் கார்லின் மெக்லெயினும், இவங்களைப் படிச்சுட்டுப் போங்க. கலாச்சாரக் கோட்பாட்டாளர் ஸ்டூவர்ட் ஹாலை எல்லாரும் மேற்கோள் காட்டுவாங்க, நீங்களும் காட்டுங்க, ஆனா மூணு பக்கம் கோட்பாடு எழுதி கடைசியில ரெண்டு படம் ஒட்டாதீங்க, படத்துல ஆரம்பிச்சு தேவைப்படும்போது மட்டும் ஹாலைக் கூப்பிடுங்க.

படம் எத்தனை போடலாம்? விமர்சனத்துக்காக நியாயமான அளவு எடுத்துக்க இந்தியக் காபிரைட் சட்டம் 1957, பிரிவு 52 இடம் கொடுக்குது. ஆனா கேவலப்படுத்துற படத்தைத் திரும்பத் திரும்பப் போட்டா நீங்களும் அதைத்தான் பரப்புறீங்க, அதனால பேசப்போற கட்டத்தை மட்டும் போடுங்க, மத்ததை வார்த்தையில சொல்லுங்க. முழுப் பக்கத்தையும் போட வேண்டியிருந்தா பதிப்பு மாறின ரெண்டையும் ஜோடியா போடுங்க.

ஒவ்வொரு படத்துக்கும் கீழ கதை பேரு, முதல்ல வந்த வருஷம், நீங்க எடுத்த பதிப்போட வருஷம், பக்கம், கட்டம் எத்தனாவது, வரைஞ்சவர், எழுதினவர், கலர் போட்டவர், தமிழ்ல எடுத்திருந்தா மொழிபெயர்த்தவர்னு வரிசையா எழுதுங்க. பழைய தமிழ் இதழ்ல மொழிபெயர்த்தவர் பேரு இல்லாம இருந்தா அந்த இடத்தைக் காலியா விடாதீங்க, பெயர் அச்சிடப்படவில்லைன்னு அப்படியே எழுதுங்க, லொதாரை நீங்கன்னு பேச வைக்கிறதா நீன்னு பேச வைக்கிறதான்னு முடிவு பண்ணின ஆளு அவருதான்.